சேற்றுத் தரையும் மட்டித் தரையும்

துர்காதேவியின் வேலை நிற்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டப்பா மூடி செய்யும் கம்பெனியில், ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் எட்டு மணி நேரம். நசுங்கிய மூடி வந்தால் எடுத்துப் போட வேண்டும். பதினோரு வருடமாக எல்லாம் அவளைத் தாண்டிப் போகிறது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் பழவேற்காடு ஏரிக்கரையில் ஆண் பிள்ளை இல்லாத வீட்டின் மூத்த மகள். அப்பா வலை இழுப்பார். படகின் பின்முனையில் நின்று கழி ஊன்றித் தள்ளுவது அவள். ரகுவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு அந்தத் தோள்களுக்கு வேலையில்லை.

கம்பெனி நோட்டீஸ் பலகையில் பனிச்சறுக்குப் பயிற்சி என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்த படத்துப் பெண் மலையிலிருந்து பாயவில்லை. சமவெளியில், இரண்டு கையிலும் கோல் ஊன்றி, தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போனாள். துர்காதேவி அன்று கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டாள்.

பயிற்சி கொடுத்தவர் மோசஸ், பனிமலையில் பணியாற்றித் திரும்பிய ராணுவக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் சிப்காட் ரோடுதான் மைதானம். முன்னும் பின்னும் சக்கரம் வைத்த நீளமான சட்டத்தை இரண்டு காலிலும் மாட்டிவிட்டு, கையில் இரண்டு கோல் கொடுத்தார். "இரண்டு கிலோமீட்டர், பன்னெண்டு நிமிஷம். ஆறு வாரத்துல அதை முடிக்கிறவங்கள பத்து நாள் காஷ்மீர் கேம்ப்புக்கு இட்டுக்கினு போவேன்."

பத்து நாள். அவளே தள்ளிப் போகும் பத்து நாள். அது அவளுக்கு வேண்டும்.

முதல் ஞாயிறு நான்கு முறை விழுந்தாள். லாரி ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் கேட்டார்: "இன்னாக்கா, சக்கரம் கட்டிக்கினு எந்த ஊருக்கு?"

"காஷ்மீருக்கு."

"அப்போ டீ குட்ச்சிட்டுப் போ. ரொம்ப தூரம்."

ஐந்தாவது வாரத்திலும் பதினைந்து நிமிடத்துக்குக் குறையவில்லை. கூட வந்த பெண்கள் அவளைவிட மெலிந்தவர்கள். ஆனாலும் முந்திப் போனார்கள்.

"கையில பலம் கீது. அப்புறம் இன்னாத்துக்கு ஊனிட்டு ஊனிட்டு நிக்கிற?" என்றார் மோசஸ். "எடுக்கும்போது ஒரு திருகு வேற. அதுதான் உன்னக் கீழ தள்ளுது."

தான் நிற்பதும் திருகுவதும் அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை ரகு அவள் முழங்கையில் மருந்து தடவினான். அவன் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரன். கரும்புக் கொல்லையில் வளர்ந்தவன், படகில் கால் வைத்தாலே தலை சுற்றும்.

"வுட்டுடேன் துர்கா."

"மாட்டேன்."

"சரி, வுடாத." கொஞ்ச நேரம் தடவினான். "திருகறன்னு மோசஸ் சொன்னாருன்னியே, அது இன்னா?"

அவள் யோசித்தாள். வலக்கை தானாகக் காற்றில் திரும்பியது. "படகுல அப்படித்தான்யா. கழி சேத்துல எறங்கிப் புடிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும். அப்புறம் தள்ளணும். திருகுனாதான் வெளிய வரும்."

"ரோட்டுல இன்னா சேறு?"

அவள் திரும்பிய கையைப் பார்த்தாள். ரகு மருந்து டப்பாவை மூடினான். படகைப் பற்றி எதுவும் தெரியாதவன் கேட்கும் கேள்வியாக, "ஏரி பூரா சேறாத்தான் இருக்குமா?" என்றான்.

"இல்ல. மட்டிச் சிப்பி கெடக்கிற எடத்துல ஓடு ஓடா, கல்லு மாதிரி."

"அங்க எப்படித் தள்ளுவ?"

"அங்க கழி எறங்காது. தட்டுனதும் எடுத்துடணும். தட்டு, எடு, தட்டு..." அவள் கை பாதியில் நின்றது. ரகுவைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை மருந்து பூசிய கையோடு பிடித்துக்கொண்டாள்.

ஆறாவது ஞாயிறு ரகு அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு முடிவுக் கோட்டருகே நின்றான். துர்காதேவி ரோட்டைப் பார்க்கவில்லை. கலங்கல் இல்லாத தண்ணீருக்கடியில் வெளுத்துக் கிடக்கும் ஓடுகளைப் பார்த்தாள். தட்டு, எடு. கம்பெனி கேட்டைத் தாண்டினாள். தட்டு, எடு. பழைய பழக்கம் இரண்டு இடத்தில் கையைத் திருகியது. ஒருமுறை விழுந்து எழுந்தாள். கோட்டைத் தொட்டபோது மோசஸ் கடிகாரத்தை அவளிடமே நீட்டினார். பதினோரு நிமிடம், ஐம்பத்திரண்டு விநாடி.

ரகு குனிந்து செருப்பை அவள் காலடியில் வைத்தான். யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைக்க வேறு வழி கிடைக்கவில்லை அவனுக்கு.

பிப்ரவரியில், காஷ்மீரின் முதல் காலை, புதுப்பனி விழுந்திருந்தது. அவள் கோலை ஊன்றினாள். அது மெதுவாக இறங்கியது, இறங்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் பிடித்தது. அவள் அப்படியே நின்றாள். பிறகு ஒரு திருகு திருகி உருவினாள், அலுங்காமல் வந்தது.

சிக்னல் கிடைத்த இடத்தில் ரகுவுக்குப் போன் போட்டாள்.

"எப்படிக் கீது துர்கா?"

"சேறுய்யா," என்றாள். "வெள்ளையா, சுத்தமான சேறு. நீ இன்னா சாப்ட்ட?"