இடது காதுப் பஞ்சு

கன்னத்தில் பாதி நுரையோடு நின்று பாதுகாப்பு அமைச்சர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பவர் அவருடைய மனைவி. அவர் மடியில் அமைச்சகத்திலிருந்து வந்த நீலக் கோப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. நாடாளுமன்றம் கூடுகிற நாட்களில் அந்த வீட்டில் காலைக் காபி இப்படித்தான் ஆறிப்போகும். எதிர்க்கட்சிக்காரர் எழுதிக் கொடுத்த கேள்வியை அம்மையார் வாசிப்பார். இவர் பதிலை ஒப்பிப்பார். பிறகு கோப்பில் இல்லாத துணைக் கேள்வி ஒன்றை அம்மையார் தன் கைச்சரக்காக எடுத்து விடுவார். அதற்கு இவர் எதையாவது சொல்லி மழுப்புவார். "இந்த மழுப்பலை வீட்டு விஷயத்துல என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்குச் சாப்பாடே கிடைச்சிருக்காது" என்பார் அம்மையார். அமைச்சர் ரேசரை அலம்பிக்கொண்டு அடுத்த கன்னத்துக்குப் போவார்.

படிப்பால் அவர் கால்நடை மருத்துவர். தலை நரைத்து அமைச்சரான பிறகும் அந்தத் தொழில் அவரை விடவில்லை. எதிரே நிற்பவர் தளபதியாகவே இருந்தாலும், உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. பாதுகாப்பு இலாகாவுக்குக் கட்சியின் இரண்டு பெரிய தலைகள் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பேருக்கும் இல்லை என்று ஆக்குவதற்காக, சண்டை என்றால் ஒதுங்கிப் போகிற இவரைத் தேடிப் பிடித்து அதைக் கொடுத்தார் பிரதமர். முதன்முதலாக மலை முகாமுக்குப் போனவர், விறைத்து நின்ற அணிவகுப்பை விட்டுவிட்டு, சுமை தூக்கும் கோவேறு கழுதைகளின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அன்றிலிருந்து எதிர்க்கட்சி வரிசையில் அவருக்கு "மாட்டு டாக்டர்" என்று பெயர். அவர் பதில் சொல்ல எழுந்தால் பின்னாலிருந்து யாராவது "ம்மா" என்று குரல் கொடுப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மனிதரிடம் வெறுப்பு என்பது மருந்துக்கும் கிடையாது.

வெடிச்சத்தம் கேட்டால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாதுகாப்பு அமைச்சருக்கு இது வெளியே சொல்லக்கூடிய வியாதியா? சட்டைப்பையில் ஒரு சின்னத் தகர டப்பாவில் பஞ்சு வைத்திருப்பார். பீரங்கி மரியாதைக்கு முன்னால் முகத்தைத் துடைப்பது போலக் கைக்குட்டையை எடுத்து, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வார். வருஷக்கணக்காக எந்தப் புகைப்படக்காரனும் கண்டுபிடித்ததில்லை. போகப் போக அந்தப் பஞ்சு அவையிலும் உதவியது. சத்தம் போடுகிறவர்கள் அவருக்கு இடது பக்கம். ஆகவே இடது காதில் பஞ்சு. சபாநாயகர் பேசுவதைக் கேட்க வலது காது. எவ்வளவு கூச்சல் வந்தாலும் இவர் மட்டும் குளத்தங்கரையில் நிற்பது போல நின்று பதில் வாசிப்பதைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் வியந்து எழுதினார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எதைக் கேட்டாலும் "முறையா வரட்டும்" என்பார். சிபாரிசுக்கு வருகிறவர்களுக்கும் அதே பதில், சொந்தக்காரர்களுக்கும் அதே பதில். வெட்டிவிடுவதற்காகச் சொல்வதில்லை. முறையாக வந்தால் எல்லாம் நடக்கும் என்று உண்மையாகவே நம்பினார். பாவம், அந்த நம்பிக்கையில்தான் அவர் அத்தனை நிம்மதியாக இருந்தார்.

அவருடைய தங்கைக்கு ஒரே பையன். படித்து முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்து, பனி மூடிய எல்லைக் காவல் சாவடி ஒன்றில் வானொலிக் கருவியோடு உட்கார்ந்திருந்தான். அமைச்சரின் மருமகன் என்று மேலதிகாரிக்குக்கூடத் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவனே வைத்த நிபந்தனை. விடுமுறையில் வந்தபோது ஒரு மத்தியானம் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அங்கே இருக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிச் சொன்னான். பனி விழுந்து புகைப்போக்கி அடைத்துக்கொள்கிறது, எல்லாருக்கும் தலைவலி, முன்பே ஒருவன் மயங்கி விழுந்து பிழைத்திருக்கிறான், மாற்று அடுப்பு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம் என்றான். அத்தை அவன் தட்டில் மறுபடி பரிமாறிக்கொண்டிருந்தார். மாமா, வழக்கம்போல, "எழுதியாச்சுல்ல? முறையா வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார். அவனும் சரி மாமா என்று சொல்லிக் கை கழுவப் போனான்.

அடுத்த கூட்டத்தொடரில் அந்த அடுப்பு கேள்வியாக அவைக்கு வந்தது. கேட்டவர் எதிர்க்கட்சியில் "ம்மா" என்று கத்துகிறவர்களில் ஒருவர்தான். மலைச் சாவடிகளின் அடுப்புகளைப் பற்றிப் புகார் வந்திருக்கிறதா? வந்திருந்தால் மாற்றும் திட்டம் உண்டா? புகார் கீழே ஏதோ ஒரு பிரிவில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அமைச்சகத்துக்கு முறையாக வந்து சேரவில்லை. எனவே நீலக் கோப்பில் முதல் கேள்விக்கு "இல்லை" என்றும், இரண்டாவதற்கு "கேள்வி எழவில்லை" என்றும் தட்டச்சு செய்திருந்தார்கள். அதை வாசிக்கும்போது மருமகன் சாப்பாட்டு மேஜையில் சொன்னது அவர் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும், வாசித்தார். இடது காதில் பஞ்சு இருந்தது.

அவையில் அமைச்சர் சொன்ன பதிலுக்குக் கீழே உள்ளவர்களிடம் தனி மதிப்பு உண்டு. காத்துக் கிடந்த புகாரைக் கையில் எடுத்த அதிகாரி, புகாரே இல்லை என்று அவைக்குச் சொல்லியாகிவிட்டதே என்று அதை முடித்துக் கட்டிவிட்டார். அமைச்சர் வாயால் வந்த "இல்லை" என்ற வார்த்தைதான் அந்தக் காகிதத்தைக் கொன்றது. குளிர் முற்றிய ஒரு நாளில் புகைப்போக்கி அடைத்துக்கொண்டது. பையன் தூக்கத்திலேயே போய்விட்டான். அடுப்பில் கோளாறு என்று புகார் எதுவும் வந்ததில்லை, ஆகவே புகைப்போக்கியைத் துடைக்காமல் தூங்கியது இறந்தவரின் அஜாக்கிரதை என்று விசாரணைக் குழு முடிவு சொல்லியது.

அடக்கத்தின்போது துப்பாக்கி மரியாதை. அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். கை பழக்கத்தில் தானாகச் செய்துவிட்டது. குண்டுகள் வானத்தில் வெடித்தபோது தங்கை மண்ணைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற அண்ணனின் காதைப் பார்த்தாள்.

குழி மண்ணின் ஈரம் காய்ந்து சில மாதங்கள் கழித்துத் தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கூடத்து நாற்காலியில் உட்காராமல் சமையலறையில் அண்ணி பக்கத்தில் நின்றாள். உதவித்தொகையெல்லாம் வருகிறது, குறையொன்றும் இல்லை என்றாள். அண்ணன் உள்ளே வந்ததும்தான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அண்ணா, என் பிள்ளை அஜாக்கிரதையால செத்தான்னு எழுதியிருக்காங்க. அவன் சட்டைப் பொத்தானைக்கூட ரெண்டு தடவை சரிபார்க்கிறவன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லு."

"முறையா ஒரு மனு..." என்று ஆரம்பித்துவிட்டார். பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார். அண்ணி அடுப்பை அணைத்தார். தங்கை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்தேன். முறையாத்தான் கொடுத்தேன்" என்றாள். போகும்போது வாசலில் நின்று, பழைய விஷயம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, "அன்னிக்கு நீ காதுல பஞ்சு வச்சிருந்தே" என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அமைச்சர் தன் அமைச்சகச் செயலாளரை அழைத்துக் கேட்டார். அந்த மனிதர் கெட்டவர் அல்ல, நடப்பதைச் சொன்னார். அஜாக்கிரதை என்ற வார்த்தையை எடுக்க வேண்டுமென்றால் புகார் வந்தது உண்மை என்றாகும். அது உண்மை என்றால் அவையில் அமைச்சர் சொன்னது பொய் என்றாகும். பிறகு பதவி நிற்காது, பெயரும் நிற்காது. "அந்தப் பதிலை மட்டும் தொடாதீங்க சார்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவையில் அப்படி ஒரு பதில் சொல்லப்பட்டதே தங்கைக்குத் தெரியாது.

இந்தக் கூட்டத்தொடரில் அதே உறுப்பினர் மறுபடி கேட்டிருந்தார்: மலைச் சாவடியில் வீரர் ஒருவர் இறந்ததற்கு அடுப்பு காரணமா? கேள்வி வருகிறது என்று செய்தித்தாளில் படித்த தங்கை, பார்வையாளர் மாடத்துக்கு ஓர் அனுமதிச்சீட்டு வேண்டும் என்று அண்ணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று காலை முக்காலி குளியலறை வாசலில்தான் கிடந்தது. அம்மையார் கேள்வியை வாசித்தார். அமைச்சர் கோப்பில் இருந்தபடி "இல்லை" என்று ஒப்பித்தார். துணைக் கேள்வி வரவில்லை. அமைச்சர் முகக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அம்மையார் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மோவாயில் சின்னதாக ஒரு கீறல் விழுந்தது. அவர் கிளம்பும்போது மூக்குக் கண்ணாடி, பேனா, தகர டப்பா மூன்றையும் அம்மையார் என்றும் போல எடுத்துக் கொடுத்தார்.

அவையில் சபாநாயகர் கேள்வி எண்ணைச் சொன்னதும் இவர் எழுந்தார். பின்வரிசையில் "ம்மா" கேட்டது. கோப்பைப் பிரித்தார். இறப்பு வருத்தத்துக்குரியது என்ற முதல் வரியை வாசித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் தண்ணீரைக் குடித்தார், மறுபடி குடித்தார். அப்புறம் கோப்பை மூடிவிட்டு, மாட்டுக்காரரிடம் அவருடைய மாட்டைப் பற்றிச் சொல்கிற குரலில் பேசினார்.

"போன வருஷம் இங்கே நின்னு புகார் எதுவும் வரலைன்னு சொன்னேன். வந்திருந்தது. எனக்கே நேர்ல ஒரு ஆள் சொல்லியிருந்தான். நான் இல்லைன்னு சொன்னதாலதான் அந்த அடுப்பை மாத்தலை. செத்துப்போன பையன்மேல எந்தத் தப்பும் இல்லை. அஜாக்கிரதை என்னோடது."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூரை இடிந்த மாதிரி எழுந்தது சத்தம். பதவி விலகு என்றார்கள், கொலைகாரன் என்றார்கள். சொந்தக் கட்சிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரிகள் மாடத்தில் செயலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். உட்காரலாம் என்று சபாநாயகர் கையால் இரண்டு முறை காட்டினார்.

அமைச்சர் உட்காரவில்லை. மேலே பார்வையாளர் மாடத்தில் அவருடைய தங்கை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். காவலர் ஒருவர் அவள் தோளைத் தொட்டு உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அவளையே பார்த்தபடி, கைக்குட்டையை எடுக்காமல், எல்லாரும் பார்க்க இடது காதுக்குக் கையைக் கொண்டுபோய், அதிலிருந்த பஞ்சை விரலால் எடுத்து, மூடிக் கிடந்த நீலக் கோப்பின் மேல் வைத்தார்.