தேடியதை மறந்துவிடும் தேடுபொறி

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கணினியைத் தொடவே இப்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஆறாம் வகுப்பில் படித்தபோது அப்படியில்லை. எங்கள் செம்பாக்கம் வீட்டில் கணினிக்கு நான்தான் பெரிய ஆள். அம்மா பள்ளிக்கூடத்து வினாத்தாள் தயாரிக்க மட்டும் அதைத் திறப்பாள்.

அந்த வருஷம் அப்பா நாவலூர் ஆபீஸிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ரொம்பவும் களைத்திருப்பார். தாம்பரத்து நெரிசல்தான் காரணம் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அவரோடு வேலை பார்க்கும் ஒருவருக்குக் கை நடுங்குகிறதாம், ஏன் என்று தேட வேண்டுமாம். "கண்ணு எரியுதும்மா, நீயே டைப் பண்ணு" என்பார்.

வழக்கமான தேடுபொறி முதல் வரியிலேயே ஒரு பெரிய வியாதியின் பெயரைச் சொன்னது. "இதெல்லாம் சும்மா பயமுறுத்தும். வேற ஏதாச்சும் இருக்கா பாரு" என்றார் அப்பா. வேறு தேடுபொறிகள் எத்தனையோ இருந்தன. ஒன்று, நாம் தேடத் தேட எங்கேயோ மரம் நடுமாம். மரத்தை நட்டுவிட்டு அதே வியாதியைச் சொன்னது. இன்னொன்று பல தேடுபொறிகளைக் கேட்டுத் தொகுத்துக் கொடுத்தது. எல்லாம் ஒரே பாட்டைப் பாடின. மூன்றாவது, நாம் தேடியதை நினைவில் வைத்துக்கொள்ளாதாம். அது மட்டும் அப்பாவுக்குப் பிடித்துப்போனது.

"அப்ப நாம பார்த்தது அம்மாவுக்குத் தெரியாதில்ல?"

"ஹிஸ்டரியையும் அழிச்சிடுறேன்ப்பா."

"அதான் நல்லது. அம்மா அடுத்தவங்க கஷ்டத்தையெல்லாம் மனசுல போட்டுக்குவா."

காபி அதிகம் குடித்தாலும் கை நடுங்கும் என்று நாலாவது பக்கத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்த அன்று, அப்பா என்னைத் தட்டிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து காபியை நிறுத்திவிட்டார். யாரோ ஒருவருக்காகத் தானும் காபியை விடும் அளவுக்கு என் அப்பாவுக்கு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் கழித்து, அந்த ஆபீஸ் அங்கிளுக்கு நடுக்கம் குறைந்ததா என்று கேட்டேன். "குறையலையாம்" என்றார்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு. ஆளுக்கு ஒரு விண்ணப்பம் சொல்ல வேண்டும். என் பரீட்சைகளெல்லாம் முடிந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரிடம் கேட்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"ஆண்டவரே, அப்பா ஆபீஸ்ல ஒரு அங்கிளுக்குக் கை நடுங்குது. காபியை விட்டும் சரியாகலை. அவரைச் சுகமாக்கும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அம்மா ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அன்று திறந்திருந்தாள். அப்பாவின் மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவற்றை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் இறுக்கி வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் கண்ணைத் திறக்கவேயில்லை.

அம்மாவின் கன்னத்தில் நீர் வழிந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக அம்மாவையே அழவைத்துவிட்டதே என் ஜெபம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.