பின்னறைத் தரை

பூந்தமல்லியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது அந்த ஓட்டு வீடு. என் கணவரின் தாய்மாமா கட்டியது. அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால், அவர் காலத்துக்குப் பிறகு வீடு என் கணவருக்கும் அவருடைய அக்காவுக்குமாக வந்தது. நாங்கள் யாரும் அதில் ஒருநாள்கூட வாழ்ந்ததில்லை. வாடகைக்கு யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள். கடைசியாக இருந்தவர்கள் காலி செய்தபோது ஓடுகள் சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது.

இடித்துவிடலாம் என்றார் கணவர். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"வேலப்பன்சாவடி பக்கம் எத்தினி காலேஜ், எத்தினி ஆஸ்பத்திரி! புள்ளைங்களப் பாக்க வர்ற பெத்தவங்க லாட்ஜுல தங்கக் கூச்சப்படறாங்க. ஊடு மாதிரி ஒரு எடம் இருந்தா தேடி வருவாங்க. நீயும் நானும் பாத்துக்கலாம்மா" என்றார்.

அம்பத்தூரில் நான் பார்த்துவந்த வேலையை விட்டு வீட்டில் இருந்த சமயம் அது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. கோடை முழுவதும் மேஸ்திரியோடு அல்லாடினோம். ஓடு மாற்றினோம். சுவர்களைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். தரைக்குச் சிவப்புச் சாந்து பூசினோம். சன்னல் கம்பிகளுக்குப் பச்சை வண்ணம் அடித்தது நான்தான். பழைய புடவைகளைக் கிழித்து அண்ணி திரைச்சீலை தைத்தார்.

மூன்று அறைகளில் பின்னறைதான் எங்களுக்குப் பிடித்திருந்தது. வெளியே அனல் பறக்கும்போதும் அதன் தரை சில்லென்று இருக்கும். அதனால் அண்ணி வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய தேக்குக் கட்டிலை அங்கேதான் போட்டோம். நான்கு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிவந்த கட்டில். கீழே வைத்தபோது தரை 'தொம்' என்றது. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். மழை தொடங்கியதும் அந்தத் தரையில் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடியது. புதுச் சாந்து காயும்போது அப்படி விடும் என்றார் மேஸ்திரி. அதன்மேல் ஒரு சணல் பாயை விரித்தோம். அறை இன்னும் அழகாகிவிட்டது.

ஐப்பசியில் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும். விடுதியில் தங்கி நர்சிங் படித்த அவர்கள் மகள் கடுமையான காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். பஸ்ஸில் கூட்டிப்போகிற அளவுக்குத் தெம்பு வரும்வரை இங்கே தங்க நினைத்தார்கள். நாங்கள் பெருமையோடு பின்னறையைக் கொடுத்தோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகல். மழை சற்று விட்டிருந்தது. அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்த, இஸ்திரி போடும் அம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். மகளின் பிரசவத்துக்காகப் பட்டாபிராம் போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பியிருந்தார். கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "சோக்கா கீதும்மா" என்றார். பின்னறை வாசல் வரை போய் எட்டிப் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, கெணத்த இன்னா பண்ணீங்க?"

"எந்தக் கெணறு?"

"இன்னாம்மா தெரியாத மாதிரி கேக்குற? இந்த ரூமே கெணத்து மேலதான கட்டிகீது."

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணிதான் கேட்டார்: "மாமா மண்ணு கொட்டி மூடிட்டாரா?"

"மண்ணு எங்க கொட்னாரு? கம்பி குடுத்து, கடப்பாக் கல்லப் பரப்பி, மேல சிமிட்டி பூசிட்டாரு. அப்பால கொஞ்ச நாள் கயிச்சி செவுரு எயுப்பிட்டாரு. நாங்கல்லாம் அதுல தண்ணி எறச்சவங்கதான்."

அறைக்குள் பார்த்தேன். தரைக்கு நடுவில் அந்தக் கட்டில். அதில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில், சணல் பாய்மேல், அவள் அம்மா உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் 'தொம்' என்ற சத்தம் அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது போல இருந்தது.

கத்தினால் அவர்கள் எழுந்து ஓடுவார்கள். உள்ளே போனால் என் எடையும் சேரும். சும்மா நிற்கவும் முடியாது. எப்படியோ குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்:

"அம்மா, பழத்த வெச்சிட்டு மெதுவா எழுந்து செவுத்தோரமா வாங்க. வேகமா வேணாம்."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா, பாம்பா?"

"பாம்பு இல்ல. வாங்க, சொல்றேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலைத் தாண்டியதும் அண்ணி அவள் காதில் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "ஐயோ, பாப்பா!" என்று மறுபடி உள்ளே பாயப் போனாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். பிறகு பார்த்தபோது என் நகம் அவள் தோலில் பதிந்திருந்தது.

"நீங்க போனா அவ பயந்துடுவா. நான் போறேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. துணிச்சல் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த வாசலில் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் நான் விழுந்திருப்பேன். நடப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். பாதத்துக்கு அடியில் அந்தக் குளிர்ச்சி. இத்தனை நாள் எங்களுக்குப் பிடித்திருந்த அதே குளிர்ச்சி. அதன் கீழே என்ன இருக்கிறது என்று இப்போது தெரியும். கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டியிருந்தது. அங்கே போய் அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டேன்.

"கண்ணு, எழுந்திரும்மா. என் பக்கமா நவுந்து வா."

அவள் கண் திறந்து, ஒன்றும் கேட்காமல், குழந்தை போல என் பக்கம் ஊர்ந்து வந்தாள். கட்டில் கிரீச்சிட்டது. கட்டிலா தரையா என்று தெரியாமல் இருவரும் அசையாமல் இருந்தோம். என் கழுத்தில் அவள் மூச்சு சுடச்சுடப் பட்டது. பிறகு அவளைக் கீழே இறக்கிச் சுவர்ப்பக்கம் விட்டு, அடிமேல் அடி வைத்து வாசலுக்கு வந்தோம். அண்ணி கையை நீட்டி அவளை வாங்கிக்கொண்டார். நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் எழவில்லை.

இளநீரோடு திரும்பிவந்த அவள் அப்பா விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப் போனார்.

"கெணத்து மேலயா எம்புள்ளையப் படுக்க வெச்சீங்க? வீடு கட்டுறவங்க கீழ என்னா இருக்குதுன்னு பாக்க மாட்டீங்களா?"

அவர் மனைவிதான், "அவங்களுக்கே இப்பத்தான் தெரியும்ங்க. அந்தக்கா எப்பிடி நடுங்கிக்கிட்டே உள்ள போச்சு தெரியுமா?" என்றாள். மூவரும் அன்றே கொரட்டூரில் அண்ணி வீட்டுக்குப் போய்த் தங்கினார்கள். அந்தப் பெண்ணுக்குத் தெம்பு வரும்வரை அண்ணிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். யாரும் உள்ளே போகவில்லை. கட்டில் காலில் சுருக்குக் கயிறு வீசி, வாசலுக்கு வெளியே நின்று இழுத்தார்கள். கட்டில் ஒரு முழம் நகர்ந்திருக்கும். அது நின்றிருந்த இடத்தில் தரை மெல்லக் குழிந்தது. பிறகு ஒரு கல் பிளந்து உள்ளே போனது. போன உடனேயே 'தொபுக்' என்று தண்ணீர் சத்தம். அவ்வளவு மேலே இருந்தது தண்ணீர். சணல் பாயின் ஒரு முனை ஓட்டைக்குள் தொங்கியது. ஈரமும் துருவும் கலந்த ஒரு வாடை வீடு முழுக்கப் பரவியது.

"கம்பி அப்பளம் மாதிரி ஆயிட்சிம்மா" என்றார் மேஸ்திரி. அவர் முகமும் வெளுத்திருந்தது. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இனி அந்த வீடே வேண்டாம் என்றேன் நான். மழைக்காலம் முடியும்வரை அந்தச் சந்துக்குள் காலே வைக்கவில்லை. தையில் அண்ணி தனியாகவே வேலையைத் தொடங்கினார். பின்னறையின் கூரையைப் பிரித்து, கற்களையெல்லாம் எடுத்துவிட்டு, கிணற்றுக்கு இடுப்புயரச் சுவரும் இரும்பு வலையும் போட வைத்தார். மற்ற இரண்டு அறைகளின் தரையையும் கடப்பாரையால் தட்டிப் பார்க்கச் சொன்னார். கெட்டியாகத்தான் இருந்தன. "வந்து பாரு" என்று தினமும் போன் செய்தார். ஒருநாள் போனேன். வெயில் உள்ளே விழுந்து தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பயம் குறையவில்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது இரண்டு அறைகளோடு விருந்தினர் வீடு நடக்கிறது. போன மாதம் அந்தக் கள்ளக்குறிச்சித் தம்பதி மறுபடி வந்தார்கள். வேறு இடம் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அம்மா முன்னறை வாசலில் பையை வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வேணா படுத்துக்கறோம்க்கா. மொதல்ல நீங்க நடந்து காட்டுங்க."

நானும் சிரித்துக்கொண்டே உள்ளே நடந்தேன். அறையின் நடுவுக்கு வந்ததும், அவளுக்குத் தெரியாமல், கையைச் சுவர்ப்பக்கம் நீட்டிக்கொண்டேன்.