ஸரேம்பாவுக்குப் போட்ட தட்டு

போன டிசம்பரில் நான் நியூசிலாந்தின் ஆக்லாந்து போனதற்கு, தம்பி செந்தில் அங்கே தகனினி பகுதியில் வாங்கிய புது வீடுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். உண்மையான காரணம் அல்பின் ஸரேம்பா. போலந்துக் கவிஞர், அந்த நாட்டு நவீன கவிதையின் முதல் தலைமுறைக்காரர். அவருடைய கவிதைகளை ஆங்கிலம் வழியாக நான்கு வருடமாகத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய ஒரே மகள் ஹலினா தொண்ணூறைத் தாண்டிய வயதில் ஆக்லாந்தில் இருக்கிறார் என்று தெரிந்த வாரமே டிக்கெட் போட்டுவிட்டேன். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போக வர ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். டிசம்பர் என்பதால் இந்த விலை. கொஞ்சம் பொறுத்து மே மாதம் போனால் நிறைய மிச்சம் பிடிக்கலாம்.

ஆனால் எனக்கு மே மாதம் உதவாது. நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஹலினாவின் மகள் ஏவா இரண்டே வரியில் பதில் போட்டிருந்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மா இன்னொன்றைப் பார்க்கமாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்களை டிசம்பர் 24ஆம் தேதி மாலைதான் வரச் சொல்கிறார், வேறு நாள் வேண்டாம் என்கிறார்.

எழுத்தாளர்களின் வீடு, கல்லறை என்று அலைவது என் வியாதி. இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. செந்திலுக்கு அது ஆகவே ஆகாது. "ஊர் சுத்திப் பாக்க வந்தியா, எழவு வீடு தேடி வந்தியாக்கா?" என்று விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டான். கொண்டுபோன கறிவேப்பிலையைச் சோதனையில் குப்பைத் தொட்டியில் போட வைத்துவிட்டார்கள் என்ற கடுப்பில் நான் வேறு இருந்தேன்.

ஹலினாவின் வீடு டிட்டிராங்கியில். நகரத்தின் மேற்கு ஓரம், மலையும் காடும். சாதாரண நாளில் தகனினியிலிருந்து ரயிலில் நியூ லின் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். அந்த வாரம் பாதை வேலைக்காக ரயில் ஓடவில்லை. செந்தில் வேலையில் இருந்ததால் வாடகைக் கார் எடுத்தேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், எழுபத்தொன்பது டாலர். ஓட்டுநர் ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். மேலே போனால் போனில் லைன் கிடைக்காது, வீட்டுக்கு இப்போதே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள் என்றார். நல்ல ஆலோசனை. நீங்களும் செய்யுங்கள்.

வண்டி மங்கரேயைத் தாண்டும் நேரத்தில் ஸரேம்பாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தபோது போலந்து என்ற நாடு வரைபடத்திலேயே இல்லை, மூன்று பேரரசுகள் பங்கு போட்டிருந்தன. கிராகோவில் சட்டம் படிக்கப் போனவர் காபிக் கடையில் உட்கார்ந்து கவிதை எழுதினார். முதல் தொகுப்பைப் பார்த்து எதுகை மோனை தெரியாதவன் என்று திட்டினார்கள். இரண்டாவதைக் கொண்டாடினார்கள். அவரைப் போலவே கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு இளைஞர்கள் திரிந்தார்களாம். பிறகு நாடு விடுதலை பெற்றது, புதிய கவிஞர்கள் வந்தார்கள், இவர் பழசாகிப்போனார். ஒரு பத்திரிகையில் பிழை திருத்திப் பிழைத்தார். ஐம்பதை நெருங்கித் திருமணம், ஒரு பெண் குழந்தை. அந்தக் காலத்தில் வந்த மூன்றாவது தொகுப்பு முழுவதும் ஒரு விருந்தாளியைப் பற்றியது. பனியே இல்லாத, மேசை மேல் வெயில் விழுகிற ஒரு கிறிஸ்துமஸ் மாலையில் அந்த விருந்தாளி வருவான். டிசம்பரில் வெயிலா, கவிஞருக்கு மூளை கலங்கிவிட்டது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஒரு கிறிஸ்துமஸ் மாலையில் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரணி மரங்களுக்கு நடுவே பழைய மரவீடு. கதவைத் திறந்தது ஒரு தமிழ்ப் பெண் என்றதும் திகைத்துவிட்டேன். கௌரி, யாழ்ப்பாணம், ஹலினாவைப் பகலில் பார்த்துக்கொள்பவர். மங்கரேயில் குடியிருக்கிறார். இரவு என்னைத் தகனினியில் கொண்டுவிடுவதாக அவரே சொன்னார். உள்ளே ஏவா, அவருடைய கணவர், வளர்ந்த இரண்டு மகள்கள். சாப்பாட்டு மேசையில் வெள்ளை விரிப்பு, அதற்கு அடியில் அவர்கள் வழக்கப்படி கொஞ்சம் வைக்கோல். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நீளமாக விழுந்து மேசையில் கிடந்தது. எனக்கு அந்தத் தொகுப்பு முழுவதும் மனப்பாடம். வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஹலினா மிகச் சிறிய உருவம். சமீப காலமாக ஆங்கிலம் நழுவிப்போய், போலிஷ்தான் வாயில் வருகிறதாம். என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார். கவிதை பற்றிக் கேட்க நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் எதற்கும் வேலையில்லை என்று புரிந்துவிட்டது.

போலந்துக்காரர்களுக்கு 24ஆம் தேதி இரவு உணவுதான் பெரிய விருந்து. வானத்தில் முதல் நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் கை நனைப்பார்கள். போலந்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஆக்லாந்தின் கோடையில் ஒன்பது ஆகிவிடுகிறது. மதியத்திலிருந்து பட்டினி கிடந்த ஏவாவின் கணவர் இதை என்னிடம் பரிதாபமாகச் சொன்னார்.

நட்சத்திரம் வரும்வரை உட்காரலாம் என்று ஏவா எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். அதன் முன்னால் சுத்தமான காலித் தட்டு, பக்கத்தில் மெழுகுவர்த்தி. நேர் பின்னால் சுவரில் கறுப்பு அங்கியோடு ஸரேம்பாவின் புகைப்படம். செத்தவர் படம், அதன் முன்னால் விளக்கு, இலை. இது படையல் அல்லாமல் வேறு என்ன? மன்னிக்கவேண்டும், எங்கள் ஊரில் இறந்தவருக்குப் போட்ட இலையில் உயிரோடிருப்பவர் உட்காரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

ஏவா சிவந்துபோய் விளக்கினார். அது வழி தவறி வரும் விருந்தாளிக்கு வைக்கிற தட்டு, எல்லாப் போலிஷ் வீட்டிலும் இருக்கும், வெளியாள் அதில் உட்காருவதுதான் மரியாதை. எனக்கு அவமானமாகப் போயிற்று. அதற்குள் கௌரி என் காதருகே வந்தார்.

"நான் மூண்டு வருசமா அந்தத் தட்டிலதான் இருந்து சாப்பிட்டனான் அக்கா. எனக்கும் விருப்பமில்லை. வேலைக்கு வந்த வீட்டில மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

ஹலினா நாங்கள் பேசியது என்ன என்று மகளிடம் கேட்டார். ஏவா தயங்கித் தயங்கிச் சொன்னார். கிழவி என் பக்கம் திரும்பி முதல் முறையாகச் சிரித்தார். எனக்காக வேறு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உட்காரும் முன் ஒவ்வொருவரும் நாற்காலியின் மேல் லேசாக ஊத வேண்டும் என்றும் சொன்னார், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆத்மாவின் மேல் உட்கார்ந்துவிடக் கூடாதாம். எல்லோரும் ஊதினார்கள். நானும் ஊதினேன். வழக்கமாக இப்படிப்பட்டதற்கெல்லாம் கிண்டல் செய்கிற ஆள் நான். அன்று வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் ஏவாவின் மூத்த மகள் மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாம் ஏழு பேர் என்றாள். இந்த விருந்தில் ஒற்றைப்படையில் உட்கார்ந்தால் அதில் ஒருவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருக்கமாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. யாரும் ஹலினாவைப் பார்க்கவில்லை. ஒரே நாளில் இரண்டு வம்பு. நான் எழுந்து போய்விடட்டுமா என்று ஏவாவிடம் கேட்டேன். அவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அம்மாவின் கதையைச் சொன்னார்.

முதல் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வது வீட்டுக் குழந்தையின் வேலை. அந்த மாலையில் ஹலினாவுக்கு ஐந்து வயது. வெளியே குளிருகிறது, நான் போகமாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறார். சரி, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா போனார். அவ்வளவுதான். பிறகு போர், நாடு கடத்தல், தாயின் சாவு, அநாதைக் குழந்தைகளோடு கப்பலில் நியூசிலாந்து. எது போனாலும் டிசம்பர் 24க்கு அந்தத் தட்டை மட்டும் அவர் விடவில்லை. அப்பா வந்துவிட்டால் தானும் போய்விடலாம் என்று இந்த ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

ஒன்பது மணிக்கு வெளிச்சம் மங்கியதும் ஹலினா எழுந்தார். ஊன்றி நடக்க வைத்திருக்கும் வாக்கரைத் தள்ளிவிட்டு வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் மாவில் சுட்ட, அப்பளம் போல ஒரு மெல்லிய வெள்ளைத் துண்டு. விருந்துக்கு முன் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் உடைத்து எடுத்துச் சாப்பிடுவது. தோட்டத்தின் கடைசியில் காடு தொடங்கும் இடம்வரை போனோம். ரூரு என்கிற சின்ன ஆந்தை எங்கோ இரண்டு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது.

பெரணி மரத்தடியில் ஹலினா நின்றார். போலிஷில் ஏதோ சொன்னார். என்னைப் பார்த்து அல்ல, தனக்கு இடப் பக்கம் பார்த்து, தன்னைவிட உயரமான ஒருவரிடம் பேசுவது போலத் தலையை நிமிர்த்தி. பிறகு பேசாமல் காத்திருந்தார். தலையாட்டினார். மறுபடி ஏதோ கேட்டார், காத்திருந்தார், ஒரு சின்னச் சிரிப்பு. எதிராளி பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். பயந்துவிட்டேன், மழுப்பாமல் சொல்கிறேன். கையை உதறிவிட்டு ஓடாததற்கு ஒரே காரணம் அவர் விழுந்துவிடுவார் என்பதுதான்.

பிறகு ஹலினா இடது கையை உயர்த்தி மரங்களுக்கு மேலே காட்டினார். நட்சத்திரம் இருந்தது. நான் அதுவரை பார்க்கவில்லை. உயர்த்திய அந்தக் கையில் வெள்ளைத் துண்டு பாதிதான் இருந்தது. மற்றது புல்லில் விழுந்திருக்கும். நான் குனிந்து தேடவில்லை.

வீட்டுப் படியில் ஏவா அழுதுகொண்டு நின்றார். அம்மா பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"இப்ப எனக்குக் குளிரலை, நானும் கூட வரேன்னு சொன்னாங்க," என்றார் ஆங்கிலத்தில். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே வந்த ஹலினா தன்னிலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். என் தோளில் ஏழு. காலி நாற்காலிக்குப் போனதும் கையைக் காற்றில் கொஞ்சம் உயர்த்தி வைத்து, "எட்டு. சரி, சாப்பிடுங்கள்," என்றார். இதை மட்டும் தெளிவான ஆங்கிலத்தில். பீட்ரூட் சூப், காளான், முட்டைக்கோஸ், கசகசா இனிப்பு என்று பன்னிரண்டு வகை. இறைச்சி கிடையாது, மீனை ஒதுக்கினால் சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். காலித் தட்டில் ஹலினாவே ஒவ்வொன்றாகப் பரிமாறினார். எனக்கு இடப் பக்கம்தான் அந்த நாற்காலி. முழங்கை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பத்தரைக்குக் கிளம்பினோம். கௌரி வழி முழுக்க ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். தகனினியில் இறங்கும்போது, "இனி நான் அந்தத் தட்டில இருக்கமாட்டன் அக்கா," என்றார். இருக்கத் தேவையில்லை என்றேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். டிட்டிராங்கி காட்டுப் பாதைகளில் நுழையும் முன் காலணியைத் தேய்த்துக் கழுவும் இடம் இருக்கும், கௌரி மரங்களை நோயிலிருந்து காப்பதற்காக. தவறாமல் செய்யுங்கள். (மரத்தின் பெயரும் நம் கௌரி பெயர் மாதிரியேதான் காதில் விழுகிறது.) கோடையிலும் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். 25ஆம் தேதி கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பாலும் ரொட்டியும் முதல் நாளே வாங்கி வையுங்கள். போலிஷ் வீட்டில் யாராவது காலித் தட்டைக் காட்டினால் மரியாதையாக உட்காருங்கள், என்னைப் போல் வம்பு செய்யாதீர்கள். ஆனால் உட்காரும் முன் ஊதுங்கள்.

ஹலினா மார்ச் மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். என் மொழிபெயர்ப்பு இப்போது அச்சுக்குப் போகத் தயார், கவிஞரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பைத்தான் பதிப்பாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஸரேம்பாவைப் பற்றி இதுவரை வந்த எல்லாக் குறிப்புகளும் ஒரே வாக்கியத்தில்தான் முடிகின்றன: அன்று மாலை வெளியே சென்றவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. நானும் அப்படியே எழுதிப் பார்த்தேன். பொய் எழுதுவது போல இருந்தது. அடித்துவிட்டேன்.