நூல்கண்டு வண்டி

மெழுகுவர்த்தித் துண்டு மறுபடியும் உடைந்தது. டெய்லர் கோணி ஊசியை அடுப்பு நெருப்பில் காட்டிவிட்டு வந்து, இன்னொரு துண்டை வெட்டினார்.

“நீ அவசரப்படற, அப்பா,” என்றாள் பட்டன். தரையில் உட்கார்ந்து, ரப்பர் பேண்டை விரலில் மாட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவசரம் இல்லடி. இது மெழுகு. துணி மாதிரி சொன்ன பேச்சு கேக்காது.”

“துணி மட்டும் கேக்குதாக்கும்,” என்றது சமையலறை. அவர் மனைவி எட்டிப் பார்க்கவில்லை. “அந்த பேங்க்காரர் பேண்ட் நேத்தே குடுக்கணும்னு சொன்னீங்க. அதுக்கு இன்னும் ஜிப்பே வைக்கல. இங்க கார் கம்பெனி நடக்குது.”

இந்தத் தடவை ஊசி நேராக இறங்கியது. ஓட்டை நடுவில் விழுந்தது. காலி நூல்கண்டின் துளை வழியாக ரப்பர் பேண்டை இழுத்து, ஒரு பக்கம் பாதித் தீக்குச்சியைச் செருகி டேப் போட்டு ஒட்டினார். மறுபக்கம் மெழுகுவில்லை. வில்லையைத் தாண்டி வந்த ரப்பர் வளையத்துக்குள் நீளமாக ஒரு விளக்குமாற்றுக் குச்சி. குச்சியைச் சுற்றச் சுற்ற ரப்பர் முறுக்கேறியது. தரையில் விட்டார். நூல்கண்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு குச்சியை இழுத்துக்கொண்டு, கிழட்டு ஆமை மாதிரி, மெஷினைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

பட்டன் கை தட்டவில்லை. குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அது போவதைப் பார்த்தாள்.

“இது யாரும் தள்ளாமயே போகுது,” என்றாள்.

பட்டனுக்கு இடது கால் பிறவியிலேயே மெலிவு. நடப்பாள். ஓட முடியாது. தெருப்பிள்ளைகள் அவளை ஒதுக்கியதில்லை. ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் மூச்சு வாங்க வந்து, “அப்பா, இன்னிக்கு நான் ஒரு தடவகூட அவுட் ஆகல!” என்றாள். டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தொட்டாலும் கணக்கில்லை, விட்டாலும் கணக்கில்லை. உப்புக்குச் சப்பாணி. எல்லாத் தெருவிலும் ஒரு பிள்ளை அப்படி இருக்கும். பெரும்பாலும் மூன்று வயதுத் தம்பியோ தங்கையோ. பட்டனுக்கு ஒன்பது வயது.

கொஞ்ச நாளில் அவளுக்கும் புரிந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. அந்தச் சொல்லை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. சாயங்காலம் தெருவில் இறங்குவதை நிறுத்திவிட்டு, காஜா தைக்க ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டெய்லர் புதுத்துணி அதிகம் தைப்பவர் இல்லை. ஆல்ட்டர் வேலைதான். பெரிசைச் சின்னதாக்குவது, சின்னதில் மடிப்பைப் பிரித்துவிடுவது. அதிலும் அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஏன் தேடி வருகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு தோள் இறங்கியவருக்கு அந்தப் பக்கம் மெல்லிசாக ஒரு அட்டை வைத்துத் தைத்துவிடுவார். கூன் போட்டவருக்கு முதுகுப்பக்கம் இரண்டு விரல் நீளம் கூட்டுவார். அளவெடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். “உங்க கை பட்டா துணி நல்லா உக்காருது,” என்பார்கள். அவரும் துணியைத்தான் பாராட்டுவார். மகளுக்குப் பாவாடை தைக்கும்போது இடது கால் பக்கம் மட்டும் ஒரு கொசுவம் அதிகம். அவள் இதுவரை கேட்டதில்லை.

நூல்கண்டு வண்டி ஓடிய மறுநாளே பிள்ளைகளைக் கூப்பிட்டார். மாடிவீட்டு ஆட்டோக்காரர் மகன் மீட்டர், அவன் தங்கை ஒல்லி, எதிர்வீட்டு வாண்டு ஒன்று. எல்லோருக்கும் ஆளுக்கொரு வண்டி செய்தார்கள். ஓட்டை போடுவது மட்டும் டெய்லர், மற்றதெல்லாம் அவர்கள். ஒல்லி மெழுகுவில்லையைக் கடித்துப் பார்த்தாள். அடையாளத்துக்கு ஆளுக்கொரு கலர் நூல் கட்டினார்கள். பட்டனுக்கு ஊதா.

கடையும் கூடமும் ஒன்றாக இருந்த அந்த அறையில், வழுவழுவென்ற கறுப்புத் தரையில், மெஷின் காலிலிருந்து வாசல்படி வரை ரேஸ். தரையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் யாரையும்விட வேகமில்லை என்று டெய்லர் நினைத்தார்.

பட்டனின் வண்டி பாதியில் நின்றுவிட்டது. முறுக்கு போதவில்லை. மீட்டரின் வண்டி படியில் முட்டிக் கவிழ்ந்தது.

“நான் ஃபர்ஸ்ட்டு!” என்றவன், திரும்பிப் பார்த்து, “பட்டனுக்கு மட்டும் இன்னொரு சான்ஸ். அவ விட்ட இடத்துலேர்ந்தே விடட்டும்,” என்றான்.

“ஆமா, பட்டனுக்குப் பரவால்ல,” என்றாள் ஒல்லி.

நல்ல பிள்ளைகள். திட்டவும் வழியில்லை. பட்டன் வண்டியை எடுத்து, நின்ற இடத்திலேயே மறுபடி முறுக்கினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் வண்டிகளையெல்லாம் டெய்லரின் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, பட்டன் பள்ளிக்கூடம் போன பிறகு, அவர் டப்பாவைத் திறந்தார். துணியில் கோடு போட அவர் சாக்பீஸ் வைத்துக்கொள்வதில்லை. குளித்துத் தேய்ந்த வெள்ளைச் சோப்புச் சில்லுதான். காயவைத்தால் கூர்மையாக நிற்கும், துவைத்தால் போய்விடும். அந்தச் சில்லை எடுத்து, ஊதா நூல் கட்டாத வண்டிகளின் விளிம்பில் ஒரு சுற்றுத் தேய்த்தார். கையில் விட்டுப் பார்த்தார். வழுக்கியது.

அன்று சாயங்காலம் பட்டன் ஜெயித்தாள்.

மீட்டருக்கு நம்ப முடியவில்லை. அவன் வண்டி நின்ற இடத்திலேயே சுழன்று, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனது.

“கள்ள ஆட்டம்! நீ கோட்டுக்கு முன்னாடி வச்ச!”

“நீதான்டா முன்னாடி வச்ச, மூஞ்சப் பாரு!”

“பொய்க்காரி! எங்க, சத்தியம் பண்ணு!”

“அம்மா சத்தியமா நான் ஏமாத்தல. போதுமாடா? தோத்தாங்குளி!”

அவன் அவள் சடையை இழுத்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். சட்டைப் பொத்தான் தெறித்து மெஷினுக்கு அடியில் ஓடியது. டெய்லர் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார், விலக்கிவிட எழவில்லை. அன்று சாப்பிடும்போது அவள் சண்டையை முதலிலிருந்து சொன்னாள். பிறகு மறுபடியும் சொன்னாள்.

“என்னைத் தோத்தாங்குளின்னு சொல்ல முடியாதுல்ல? அதான் பொய்க்காரிங்கறான்,” என்றாள், வாய் நிறையச் சோற்றோடு.

“முதல்ல முழுங்குடி,” என்றாள் அம்மா. ஆனாலும் அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு தினமும் காலையில் சோப்புச் சில்லு. எங்கே நிறுத்துவது என்று டெய்லருக்குத் தெரியவில்லை. ஆல்ட்டர் வேலையில் இது ஒரு சங்கடம்: ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் தொங்கும். ஒரு நாள் ஒல்லியின் வண்டிக்கு மட்டும் போடாமல் விட்டார். ஒல்லி ஜெயித்துக் குதித்தாள். இன்னொரு நாள் மற்ற மூன்றுக்கும் லேசாக. மீட்டர் நூலிழையில் தோற்றான். தினமும் சண்டை வந்தது. தினமும் பட்டன் சத்தியம் செய்தாள். அம்மா மேல், சாமி மேல், படிப்பு மேல்.

“பாத்துக்கிட்டே இருக்கீங்களே, பிள்ளை இப்படி ஓயாம சத்தியம் பண்றத,” என்றாள் மனைவி.

“விளையாட்டுதானே.”

“உங்க முகம் அப்படிச் சொல்லலையே.”

அவர் பேங்க்காரர் பேண்டை எடுத்துக்கொண்டார்.

மறைத்துத் தைத்தது எப்போதும் உள்பக்கம் தெரியும். அது அவருக்குத் தெரியும். தரைக்கும் உள்பக்கம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு சாயங்காலம், வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து உள்ளே வந்த நேரம், முதல் ஆட்டம் முடிந்ததும் பட்டன் வழக்கம்போலக் கன்னத்தைத் தரையில் வைத்தாள். மற்றப் பிள்ளைகள் நின்றுகொண்டு பார்ப்பவர்கள். அவள்தான் அவ்வளவு தாழ்வாகப் பார்ப்பவள். கறுப்புத் தரையில் வெள்ளையாக, மெல்லிசாக, மூன்று ஜோடிக் கோடுகள். கோணல்மாணலாகப் போயிருந்தன. அவள் வண்டி போன பாதையில் ஒன்றும் இல்லை.

டெய்லர் மெஷினிலிருந்து அதைப் பார்த்தார். அவள் பார்ப்பதையும் பார்த்தார்.

“அடுத்த ஆட்டம் விடு பட்டன், தூங்கிட்டியா?” என்றான் மீட்டர்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பாவாடை நுனியால் தரையைத் துடைத்தாள். “எனக்குக் கால் வலிக்குது. நாளைக்கு,” என்றாள். கால் வலி என்று அவள் எதற்கும் சொன்னதில்லை. பிள்ளைகள் உடனே எழுந்து போய்விட்டார்கள்.

அவள் டப்பாவைத் திறந்து மீட்டரின் வண்டியை எடுத்து முகர்ந்தாள். பிறகு ஒல்லியுடையதை. பிறகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள்.

“என் கை எப்பவும் சோப்புதானேடி,” என்றார். “எடுத்து வைக்கும்போது பட்டிருக்கும்.”

“ஊதாவுல படலையே.”

மெஷினில் ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது. சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். எந்தத் தோளுக்கும் எந்த முதுகுக்கும் அவர் இதுவரை வார்த்தை தேடியதில்லை. துணியை எடுத்துக் கொடுத்தால் போதுமாக இருந்தது.

“நீ சிரிச்ச,” என்றார் கடைசியில். “அதான்.”

“நான் அம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேன்பா.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

“ஆகும்னு சொல்லல.” குரல் உயரவில்லை. “அவங்களாவது என் முன்னாடியே சொல்லிட்டு இன்னொரு சான்ஸ் குடுத்தாங்க.”

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. “டீ ஆறுது,” என்று மட்டும் சொன்னாள்.

பட்டன் வண்டிகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து, வாசல்படியில் வரிசையாகக் காயவைத்தாள். டெய்லர் உதவ எழுந்தார். “வேண்டாம்,” என்றாள். அவர் உட்கார்ந்தார். “நாளைக்கு அவன்கிட்ட நானே சொல்லிடறேன். நீ எதுவும் பேசாத.”

“அவன் கத்துவான்டி.”

“கத்தட்டும்.”

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பேரும் வந்தார்கள். டெய்லர் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். பட்டன் நின்றுகொண்டே சொன்னாள்: மற்ற வண்டிகளில் சோப்புப் போட்டிருந்தது, அதனால்தான் அவள் ஜெயித்தாள், அவள் செய்த சத்தியமெல்லாம் பொய். யார் போட்டது என்று சொல்லவில்லை. மீட்டர் அவளைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான். பிறகு டெய்லரைப் பார்த்தான். “அதனால என்ன, பரவால்ல விடு பட்டன்,” என்றான். ஒல்லியும் தலையாட்டினாள். அவன் கத்துவான், சண்டைக்காவது வருவான் என்று பட்டன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாண்டு தண்ணீர் கேட்டது, அம்மா கொடுத்தாள். தெருவில் யாரோ பந்து கொண்டுவந்திருந்தார்கள். மூன்று பேரும் தெருவுக்குப் போனார்கள். பட்டன் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பேங்க்காரர் பேண்டை வாங்க வந்து, போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். ஆறு மணிக்கு மழை வந்தது. டெய்லர் பாவாடை ஓரத்தை அடித்து முடித்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தார்.