ஒரு தட்டுச் சோற்றுக்கு அரை மணி நேரம்

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கரண்டும் வைத்து, இனி பயமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் கரண்டு என்றுதான் பெயர். பிழைத்தது உண்மை. ஆனால் எச்சில் வற்றிப்போயிற்று, ருசி போயிற்று, துளி காரம் பட்டாலும் வாய் எரிந்தது. சோற்றைக் கண்டாலே ஆத்திரம் வரும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். இதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று மனைவியிடம் ஒருநாள் சொல்லியும்விட்டேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என்னைப் போலப் பிழைத்தவர்களுக்கு வாரம் ஒருநாள் மைண்ட்ஃபுல்னெஸ் என்று, செய்கிற காரியத்திலேயே மனசை நிறுத்தப் பழக்கும் வகுப்பு நடக்கிறது என்றார்கள். அவள்தான் பஸ் ஏற்றி அனுப்பினாள். வகுப்பு நடத்திய பெண் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, ஐந்து நிமிஷம் மென்று பார்க்கச் சொன்னார். நாக்கு செத்தவனிடம் என்ன விளையாட்டு என்று கேட்டேவிட்டேன்.

"ருசி தெரியலைன்னா பரவாயில்லைங்க. மெல்லும்போது மனசு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். அது நேரே கோர்ட்டுக்குப் போயிற்று. ஐந்து மா குத்தகை நிலத்திலிருந்து எங்களை வெளியேற்ற நிலத்துக்காரர் போட்ட வழக்கு, அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. ஆட்சி இரண்டு கழகங்களுக்கும் மாறி மாறிப் போய்விட்டது, எங்கள் வாய்தா மட்டும் தீரவில்லை. நாக்கு நன்றாக இருந்த காலத்திலும் நான் வக்கீலோடுதான் சாப்பிட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்புப் பெண் தினம் ஒரு வேளையாவது டிவி இல்லாமல் மெதுவாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார். மறுநாள் மதியம் உட்கார்ந்தேன். முதலில் சோற்றின் சூடுதான் தெரிந்தது. வெகுநேரம் கழித்து, மோரின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் லேசாகப் பட்டது. நிஜமா, பிரமையா என்று இன்னொரு கவளம், இன்னொரு கவளம் என்று அரை மணி ஓடிவிட்டது.

நான் கை கழுவிய பிறகே சாப்பிடுவது என் மனைவியின் வழக்கம். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். அன்றைக்குப் பசி பொறுக்காமல் தட்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவள் தட்டைப் பார்த்தேன். எனக்கு வைத்த அதே குழைந்த சோறு, அதே மோர். ஒரு ஊறுகாய்த் துண்டுகூட இல்லை. காரக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவள் அவள்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஆபரேஷன் ஆனதிலேர்ந்து" என்றாள். "குழம்பு கொதிச்சா அந்த வாசனைக்கே நீங்க ஏங்கிப்போயிடுவீங்க."

ஒன்றரை வருஷம். நான் செத்திருக்கலாம் என்று சொன்ன அன்றைக்கும் இந்தச் சோற்றைத்தான் தின்றிருக்கிறாள். அந்த வகுப்புப் பெண்ணை இன்றைக்கும் நான் நன்றியோடு நினைப்பது புளிப்பு திரும்பி வந்ததற்காக மட்டுமில்லை.

நாளைக்குக் காரக்குழம்பு வை என்றேன். உங்களால் ஒரு வாய் தொட முடியாது, எதற்கு என்றாள்.

"நீ சாப்பிடுறதை நான் பார்க்கணும்" என்றேன்.