தண்ணீர் நாளில் வைத்த கூட்டம்

பெரியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அரூர் பக்கத்து ஊராட்சி ஒன்றில் பதினேழு வருடமாகத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். தண்ணீர் திறந்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. தெருவிளக்குக்குப் பல்பு மாட்டுவது, கிராம சபைக்கு நாற்காலி போடுவது, அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவது, எல்லாம் அவர் தலையில்தான்.

அந்த ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஆனி மாதம் பேச்சு கிளம்பியது. சேர்ந்துவிட்டால் ஊருக்கு நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும். பெரியண்ணனுக்கோ பிழைப்பே போகும். தொட்டிகளைக் காண்ட்ராக்டில் விடுவார்களாம். ஐம்பது தாண்டிய ஆளை எந்தக் காண்ட்ராக்டர் வைத்துக்கொள்வான்?

ஒரே ஒரு வழி இருந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து மக்களிடம் கருத்துக் கேட்பாராம். மக்கள் வேண்டாமென்றால் விட்டுவிடுவார்களாம்.

"எந்த நாள் வச்சா ஜனம் கூடும்?" என்று கேட்டார் ஊராட்சிச் செயலர் குரு.

"தண்ணி நாள்ல வைங்க சார். அன்னிக்கு ஒருத்தரும் ஊரத் தாண்ட மாட்டாங்க."

நாலு நாளைக்கு ஒருமுறை, பகல் பன்னிரண்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வரும். பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் பதினொன்றுக்கு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. எந்த அதிகாரி என்றைக்கு நேரத்துக்கு வந்தார் என்பதை மட்டும் அந்த மனுஷன் மறந்துவிட்டார்!

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். சொன்னபடியே இருநூறு பேர் வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். மணி பத்தானது, பதினொன்றானது. செயலர் போனும் கையுமாக நின்றார். "பாப்பிரெட்டிப்பட்டி தாண்டிட்டாராம், இப்ப வந்துடுவார்" என்றார். பன்னிரண்டும் அடித்துவிட்டது.

மேலத்தெரு ராஜாமணிதான் முதலில் எழுந்தாள். "பெரியண்ணா, தண்ணிய வுடப் போறீங்களா இல்லியா?"

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அவரு வந்ததும் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்க."

"வூட்ல குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு மணிக்கு லைன்ல நிறுத்திடுவான். அப்புறம் நாலு நாளைக்கு எங்க போறது? நீங்களே இப்படிப் பண்ணா, நகராட்சிக்காரனே வரட்டும் போங்க!"

சுருக்கென்று தைத்தது. பதினேழு வருடத்தில் ஒரு முறைகூடத் தண்ணீர் விடத் தவறியதில்லை அவர். இன்னும் இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை எடுத்துப் போய் வால்வைத் திறந்தார். பந்தல் ஒரு நொடியில் காலி.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஜீப் வந்தது. "இவ்வளவுதான் கூட்டமா?" என்றார் அதிகாரி. ஆறு கிழவர்களும் காலி நாற்காலிகளும்தான் மிச்சம்.

பெரியண்ணன் ஈரக்கையோடு ஓடிவந்தார். "தண்ணி புடிக்கப் போயிருக்காங்க சார். அரை மணி மட்டும் இருங்க சார்."

"எனக்கு இன்னும் ரெண்டு ஊர் இருக்குங்க."

"அப்ப என் கருத்த எழுதிக்கோங்க. எங்களுக்கு நகராட்சி வேணாம்."

"நீங்க யாரு? ஆபரேட்டரா? பணியாளர் சொல்றதெல்லாம் பொதுமக்கள் கருத்து ஆகாதுங்க."

"நானும் இந்த ஊர்லதானே சார் ஓட்டுப் போடறேன்!" என்று கத்தியேவிட்டார். செயலர் அவர் தோளைப் பிடித்து இழுத்துப் போனார். என்ன அநியாயம் இது! காத்திருக்க அரை மணி இல்லாதவருக்காக ஊரே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்ததே.

அடுத்த மாதம் ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. "கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பொதுமக்கள் ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை" என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. அதைச் சுவரில் ஒட்ட வேண்டியவரும் பெரியண்ணன்தான். பசை தடவி, சுருக்கம் விழாமல் நீவி ஒட்டினார்.

குடத்தோடு வந்த ராஜாமணி நின்று கேட்டாள். "என்னண்ணா போட்டிருக்கு?"

"அப்புறமா படிச்சுக்கம்மா," என்றபடி அவர் வால்வுச் சாவியை எடுத்தார். "மணி பன்னெண்டு ஆவப்போவுது. போய்க் கொடத்த வை."